சில்லறை

பூண்டில் தொடங்கியதுதான் தப்பு.
முழுப்பூண்டு பத்து, உதிர்த்த பல் ஒன்று
என்று நான் சொல்லி முடிக்கும் முன்பே
செண்பகவடிவு உரித்துக் காட்டினாள்:
"இதுல பதினொண்ணு இருக்கு டீச்சர்."
அடுத்ததில் எட்டு.
இன்னொன்றில், ஒட்டிக்கிடந்த பொடிப்பல்லையும் சேர்த்தால், பதிமூன்று.
பூம்பாறைப் பூண்டுக்கு இன்னும்
பாடப்புத்தகம் வந்து சேரவில்லை.
மதியம் எல்லாம் ரசத்துக்குப் போனது.

மறுநாள் மைதானத்துக்கு வந்தோம்.
மைதானம் என்பது
கேரட்டுக்கும் முட்டைக்கோசுக்கும் நடுவே
மலை கொஞ்சம் மூச்சு விட்ட இடம்.
பந்து உருண்டால்
மூன்று தட்டு இறங்கித்தான் எடுத்துவர வேண்டும்.

ஐந்து வகுப்பும் சேர்த்து முப்பத்தொரு பேர்.
பத்துப் பேர் இடுப்பைப் பிடித்து நின்றால் ஒரு பஸ்.
மூன்று பஸ் உறுமிக்கொண்டு நின்றது.
மிச்சம், ஸ்வெட்டர் கையைச் சப்பியபடி
மாயக்கண்ணன்.

"முப்பத்தொண்ணுல நாலு போகட்டும்."
அவன் தன்னைத்தானே குனிந்து பார்த்துக்கொண்டான்.
"நான் ஒருத்தன்தானே இருக்கேன்.
நாலு எப்படிப் போறது?"

பக்கத்து வீட்டில் கடன் வாங்கு, என்றேன்.
எனக்கு அப்படித்தான் சொன்னார்கள்.
அவர்களுக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

இரண்டாவது பஸ்ஸின் கடைசி சீட்டிலிருந்து
அழகுமீனா கேட்டாள்:
"எப்பத் திருப்பிக் குடுக்கணும்?"

யோசித்தேன்.
எந்தக் கணக்கிலும் திருப்பிக் கொடுத்ததாக நினைவில்லை.
"கொடுக்க வேண்டாம்."
"வட்டி?"
"கிடையாது."
"அப்ப அது கடன் இல்ல டீச்சர்."

அவளுக்குத் தெரியும்.
விதைப்பூண்டுக்காக வடுகபட்டி மண்டியில்
அவள் அப்பா வாங்கியது எது என்று தெரியும்.
வாசலில் வந்து நிற்கும் பைக்கின் நிறம்வரை தெரியும்.

பஸ்கள் உறுமவில்லை.
யூக்கலிப்டஸ் மட்டும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது.

மாயக்கண்ணன்தான்
வாயிலிருந்து ஸ்வெட்டரை எடுத்தான்.
"சில்லறை," என்றான்.
"பத்து ரூவா நோட்டக் குடுத்தா
கண்டக்டர் ஒத்த ஒத்தக் காசா மாத்தித் தருவாருல்ல, அது."

அதற்கப்புறம் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
என் கைப்பை அவன் தோளுக்குப் போனது.
விசில் அவன் வாய்க்குப் போனது.
ஊதினான்; ஒரு பஸ் அவிழ்ந்தது.
பத்துப் பேரும் பத்துக் காசாகச் சிதறி
ணங், ணங் என்று கத்திக்கொண்டு அவனிடம் ஓடினார்கள்.
பதினோரு காசு.
நாலு, முட்டைக்கோஸ் வரப்பில் குதித்து மறைந்தது.
நின்றது ஏழு. உறுமியது இரண்டு பஸ்.
இருபத்தேழு! என்றார்கள்.
எதிர்மலை சோம்பேறி,
ஏழு, ஏழு என்று மட்டும் சொன்னது.

முப்பத்தொன்றில் பதினைந்து.
முப்பத்தொன்றில் இருபத்திரண்டு.
மிஞ்சி நிற்க ஒருவருக்கும் மனமில்லை,
கழிபடுகிறவர்களுக்குத்தானே குதிக்கக் கிடைக்கிறது!
"என்னையக் கழிங்க டீச்சர், என்னைய!"
கணக்கு நோட்டில்
இப்படி ஓர் எண் கெஞ்சி நான் பார்த்ததில்லை.
கடைசியில் விதியை மாற்றினோம்:
விடையைச் சொன்னால் மிச்சமும் குதிக்கலாம்.
பூஜ்யம் வரைக்கும் குதித்தார்கள்.

மூன்றேகாலுக்குப் பனி ஏறியது.
பஸ்ஸைக் காணோம், காசைக் காணோம்,
எங்கோ விசில் மட்டும்.
கூப்பிட்டு, வரிசையில் நிறுத்தி,
தலை தலையாகத் தொட்டு எண்ணினேன்.
முப்பது.
மறுபடியும் முப்பது.
என் நெஞ்சு ஒரு தட்டு கீழே இறங்கியது.

"டீச்சர்,"
வெள்ளைக்குள்ளிருந்து அழகுமீனாவின் குரல்,
"கண்டக்டர எண்ணுனீங்களா?"

சாயங்காலம் பாடக்குறிப்பேட்டில்
'கடன் வாங்கிக் கழித்தல்' என்று எழுதியிருந்ததில்
முதல் இரண்டு சொல்லையும் அடித்தேன்.
ஆய்வுக்கு வருகிறவர் ஏன் என்று கேட்பார்.
கேட்கட்டும்,
இரண்டாவது பஸ், கடைசி சீட்டு.